குமிழில் வைத்த பொட்டு

என் மனைவி இறந்து ஒரு மாதம் ஆனபோது, மாசியத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டையே துடைத்துத் தள்ளினாள். என் அக்காவுக்கு அழத் தெரியாது, துடைக்கத்தான் தெரியும். அப்பா போனபோதும் அப்படித்தான், காரியம் முடிவதற்குள் ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் பளபளத்தது. ஹைதராபாத் உப்பலில் எங்கள் வீடு சின்னது. அலமாரி, ஃபிரிட்ஜ், சாமி படங்கள் எல்லாம் முடித்துக் கடைசியாக ஹால் மூலையில் இருந்த கிட்டார் ஆம்ப்ளிபயரிடம் வந்து சேர்ந்தாள்.

அது முழங்கால் உயரக் கறுப்புப் பெட்டி. நெற்றியில் வரிசையாக நான்கு குமிழ்கள். வால்யூம், ட்ரெபிள், மிட், பேஸ். நான்கிலும் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுதபூஜைக்கு என் மனைவி வைத்தது. பூஜைக்கு முன்னால் நான்கு குமிழ்களையும் நடுவில் நிறுத்துவாள், ஒவ்வொன்றின் உச்சியிலும் நேராகப் பொட்டு வைப்பாள். மறுநாள் விஜயதசமிக்கு வாசிக்க எடுக்கும்போது குமிழ்களைத் தான் வழக்கமாக வைக்கும் இடத்துக்குத் திருப்பிவிடுவாள். குமிழ் திரும்பினால் பொட்டும் திரும்பும். அதனால் வருஷம் முழுக்க எங்கள் வீட்டு ஆம்ப்புக்குப் பொட்டு கோணலாகத்தான் இருக்கும். ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ஒன்று காதோரம் போயிருக்கும்.

"பொட்டெல்லாம் கோணிக்கிட்டுக் கெடந்துச்சு தம்பி. பாக்கவே சங்கடமா இருந்துச்சு. நேராக்கி வச்சிட்டேன்" என்றாள் அக்கா.

போய்ப் பார்த்தேன். நான்கு பொட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றன. "சரி" என்றேன். அந்த மாதம் யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் நடுவில் இருக்கிறது, அதனால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். அந்த அமைப்பை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதோ, இனி அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதோ என் மண்டையில் ஏறவே இல்லை.

என் மண்டையில் அப்போது எதுவும் ஏறவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: அழுதுடுங்க, மனசு லேசாயிடும். அழுகை என்ன, குழாயா, திறந்தால் வருவதற்கு? எனக்குத் துக்கம்கூட இல்லை. பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது நம் கன்னம் என்று தெரியும், ஆனால் தொடுவது தெரியாது. அப்படி இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், ஸ்கூட்டரில் ஆபீஸ் போனேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்த எரிச்சலிலும் சூடு இல்லை.

அந்த வருஷம் பண்டிகை எதுவும் கிடையாது. துக்க வீடு என்பதால் ஆயுதபூஜையும் இல்லை. பழைய பொட்டு அப்படியே இருந்தது, யாரும் ஆம்ப்பைத் தொடவில்லை.

வருஷ திவசம் நெருங்கும்போது என் மனைவியின் தோழி வந்தாள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையில் வளர்ந்தவர்கள் இருவரும். இருவரின் அப்பாக்களும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பக்கத்து வீட்டில் இருந்த ஓர் அம்மாள் ஒருத்திக்குக் கிட்டாரும் ஒருத்திக்குப் பாட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பிறகு கல்யாணம், குழந்தை, சமையல் என்று எல்லாம் ஆனாலும் இவர்கள் விடவில்லை. காலனி விழா, விநாயகர் பந்தல் என்று எங்கே கூப்பிட்டாலும் போனார்கள். வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் எங்கள் ஹாலில்தான் பயிற்சி. நான் ஆபீஸிலிருந்து வந்து, பேப்பரோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

"அண்ணா, திவசம் முடிஞ்ச அப்புறம் ஞாயித்துக்கிழமை இங்கே வந்து ஒரே ஒரு பாட்டுப் பாடணும். உங்க பொண்ணு கிட்டார் வாசிக்கட்டும். ஆனா அவளோட ஆம்ப்புலதான். அவ சவுண்ட் வேணும் அண்ணா எனக்கு. ஒரு தடவை கேட்டாப் போதும்."

அதைக் கேட்டதும் ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு ஏதோ வேண்டும் என்று தோன்றியது. அந்தச் சத்தம் எனக்கும் வேண்டும். அது இந்த ஹாலில் ஒரு தடவை கேட்டுவிட்டால் எனக்குப் போட்ட அந்த மரப்பு ஊசியின் வேகம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

என் காதைப் பற்றி இங்கே சொல்லிவிடவேண்டும். நான் வேலை பார்ப்பது ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில், என்ஜின் சோதனைக் கூடத்தில். படித்தது எலக்ட்ரானிக்ஸ், வாழ்ந்தது இரைச்சலில். காதடைப்பான் கொடுப்பார்கள். வேர்க்கிறது என்று பாதி நேரம் கழுத்தில்தான் தொங்கும். ஐம்பது தாண்டியபோது மேல் ஸ்தாயிச் சத்தங்கள் போய்விட்டன. குக்கர் விசில் எனக்குக் கேட்காது. என் மனைவி இல்லாத வீட்டில் நான் சாதம் வைக்கும்போது குக்கர் முன்னால் நின்று ஆவியைப் பார்த்துத்தான் அணைக்கிறேன். சாப்பாடு என்றால் ஆப்பாடு என்று காதில் விழும். டாக்டர் மெஷின் கொடுத்தார். அதை மாட்டினால் தட்டு வைக்கிற சத்தம் மண்டைக்குள் இறங்கும், பாட்டு வெறும் தகரமாக வரும். எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

திவசம் முடிந்தது. பாடுவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறே ஒத்திகை பார்த்தோம். பேகம்பேட்டில் வேலை பார்க்கும் என் மகள் காலையிலேயே வந்துவிட்டாள். நான் தமிழில் பேசினால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், அவசரம் என்றால் இங்கிலீஷில். திவசத்துக்கு வந்திருந்த அக்காவும் ஊருக்குப் போகாமல் இருந்தாள். மகள் கிட்டாரை மாட்டி, நேராக நின்ற பொட்டுகளை அப்படியே விட்டு, வாசித்தாள்.

தனியாக வாசித்தபோது பிரமாதமாக இருந்ததாம். அக்கா, "கல்யாண வீட்டுல கேக்க மாதிரி இருக்குல்லா" என்றாள். அடிப்பகுதி தொம்மென்று என் நெஞ்சில் மோதியது. பிறகு தோழி பாட ஆரம்பித்தாள். அவ்வளவுதான், கிட்டார் காணாமல் போயிற்று. மகளின் விரல் ஓடுகிறது, சத்தம் எங்கே என்று தெரியவில்லை. என் காதுதான் என்று நினைத்தேன். ஆனால் தோழி பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நக்கோ, வேணாம். இது அவ இல்ல. அவ வாசிச்சா என் கொரலுக்குக் கீழே கை குடுத்த மாதிரி இருக்கும். இங்கே யாருமே இல்ல."

"நாப் எல்லாம் நடுவுல இருக்கே. நடுவுல இருந்தா எதையும் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்லன்னுதானே அர்த்தம்?" என்றேன். என்னுடைய படிப்புக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் முப்பது வருஷமாக வேறு சத்தங்களை அளந்துகொண்டிருந்தவனுக்கு வீட்டு மூலையில் இருந்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தது அன்றுதான். டோன் சர்க்யூட் என்பது அதற்குள் மிகச் சின்ன இடம். மூன்று கபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், மூன்று குமிழ். அதற்கென்று தனியாக மின்சாரம் கிடையாது. அதாவது அதனால் எதையும் கொடுக்க முடியாது, எடுக்கத்தான் முடியும். ட்ரெபிளைக் கூட்டுகிறோம் என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் ட்ரெபிளிலிருந்து கொஞ்சம் குறைவாகப் பிடுங்கச் சொல்கிறோம்.

மின் அலையைத் திரையில் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப் ஒன்று வைத்திருக்கிறேன். மகளின் போனிலிருந்து அடி ஸ்தாயி முதல் மேல் ஸ்தாயி வரை ஒவ்வொரு சுருதியாக உள்ளே அனுப்பி, வெளியே எவ்வளவு வருகிறது என்று அளந்து கோடு போட்டேன். எல்லாப் பொட்டும் நேராக நிற்கும்போது, கோடு நேராக இல்லை. நட்ட நடுவில் ஒரு பள்ளம். மேல் சத்தம் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அடிச் சத்தம் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், நடுவில் இருப்பதற்கு வழி இல்லை. மனுஷக் குரலின் தசை இருக்கிற இடம் அதுதான். மிட் என்று எழுதியிருக்கும் குமிழ்கூட மிட்டைக் கூட்டுவதில்லை. பள்ளத்தில் நாலு கூடை மண் போடுகிறது, அவ்வளவுதான். போதாததற்கு மூன்று குமிழும் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும் மூன்று பேர் மாதிரி. ஒருவர் புரண்டால் மற்ற இருவருக்கும் குளிரும்.

பள்ளம் இல்லாமல் செய்ய ஒரே வழி, பேஸையும் ட்ரெபிளையும் அடியோடு இறக்கிவிட்டு, மிட்டை முழுவதும் ஏற்றுவது. அப்போது மேலும் கீழும் நடுவின் உயரத்துக்கு இறங்கி வந்துவிடும். மொத்தச் சத்தமும் சுண்டிப்போகும், அதை வால்யூமில் சரிக்கட்ட வேண்டும். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. வால்யூம் குமிழின் பொட்டு எப்போதும் வலப்பக்கம் வெகுதூரம் சாய்ந்திருக்கும். "எதுக்கு இவ்வளவு வச்சிருக்கே, ஸ்பீக்கர் கிழிஞ்சிடப் போகுது" என்று நான் கேட்பேன். "கிழியட்டும்" என்பாள்.

கணக்குப்படி திருப்பி வைத்தேன். தோழிக்குப் போன் செய்து வரச்சொல்லி, மறுபடி பாடிப் பார்த்தோம்.

"ஹவ், ஆமா, கிட்ட வந்துருச்சு அண்ணா" என்றாள். பிறகு தலையை ஆட்டினாள். "ஆனா இல்ல. பக்கத்து வீட்டுல அவ இருக்கற மாதிரி இருக்கு."

அந்த வாரம் முழுவதும் ஆபீஸிலிருந்து வந்ததும் அந்தக் குமிழ்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். என் கையில் கோடு இருந்தது, சூத்திரம் இருந்தது, காது மட்டும் இல்லை. ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினால் கோடு மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது, எனக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. அக்கா தினமும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் பொட்டைத் தொட்டதுனாலதான இம்புட்டும்? நாலு வார்த்தை திட்டிரு தம்பி. பேசாம இருக்காத" என்றாள் ஒரு நாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபம் வந்திருக்கவேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை. "பொட்டு கோணலா இருந்தா யாருக்கா இருந்தாலும் கை துறுதுறுங்கும். நானாவே இருந்தாலும் நேராத்தான் வச்சிருப்பேன்" என்றேன். அது உண்மைதான்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கே தோழி மல்லிகைப் பூவும் ஒரு டப்பா குபானி இனிப்புமாக வந்துவிட்டாள். நான் தோற்றுவிட்டேன் என்று சொன்னேன். கணக்கில் இருக்கிறது, காதில் இல்லை, கிட்டத்தட்ட இருப்பதை வைத்துப் பாடிவிடு என்றேன். அப்போது மகள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே சொன்னாள்.

"டாடி, அம்மா நாப்ஸ் சூசேதி காது. மீ மொஹம் சூசேதி."

அம்மா குமிழைப் பார்த்து வைக்க மாட்டாள், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வைப்பாள். புரியவில்லை எனக்கு. மகள் விளக்கினாள். ஒவ்வொரு விஜயதசமிக்கும், இவள் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து, அம்மா இவளை ஒரே கார்டை, ஒரே சுரக்கொத்தை, திரும்பத் திரும்ப மீட்டச் சொல்வாளாம். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அம்மா ஆம்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்புவாளாம். எந்த இடத்தில் நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குகிறேனோ, அங்கே கையை எடுத்துவிடுவாளாம். வருஷத்துக்கு வருஷம் என் காது மந்தமாக ஆக, எனக்குக் கேட்காத மேல் சத்தத்தைக் குறைத்துக் கேட்கிற நடுவுக்கு இடம் கொடுக்க, ட்ரெபிள் பொட்டு இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் தலையைத் தூக்கினேன் என்பதே தெரியாது.

"அப்பறம் என்னண்ணா, உக்காருங்க" என்றாள் தோழி. நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்றைய பேப்பரைக் கையில் கொடுத்தாள். ஆம்ப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். மகள் மீட்டத் தொடங்கினாள்.

ஒரு மனிதனை உட்காரவைத்து, இயல்பாகப் பேப்பர் படி என்றால் எப்படிப் படிப்பது? ரியல் எஸ்டேட் விளம்பரம் ஒன்றையே வெறித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அதில் ஒன்றும் வரவில்லை. செத்துப்போன மீட்டரை வைத்து அளக்கப் பார்க்கிறார்கள், பாவம், என்று நினைத்தேன். பொச்சாரத்தில் மூன்று படுக்கையறை வீடு. பால்கனியிலிருந்து ஏரி தெரியும். யாரோ கிட்டார் வாசிக்கிறார்கள்.

"அண்ணா!" என்று கத்தினாள் தோழி. நான் நிமிர்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேப்பர் மடியில் கிடந்தது.

தோழி குமிழிலிருந்து கையை எடுத்தாள். மிட் பொட்டு வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது, ஆனால் கடைசி வரை போகவில்லை. பேஸ் பொட்டு கொஞ்சம் இறங்கியிருந்தது, ட்ரெபிள் ஏறக்குறைய தலைகீழாக. என் கணக்குக்குப் பக்கம்தான், ஆனால் அது இல்லை. அவள் பாடினாள். கிட்டார் அவள் குரலுக்குக் கீழே வந்து நின்றது. ஒவ்வொரு கார்டும் எனக்குக் கேட்டது. சாயங்காலப் பயிற்சி, பேப்பர், காபி, என் மனைவியின் முதுகு, எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தன. பாட்டு முடிந்ததும் தோழி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நான் அழவில்லை. ஊசி இறங்கவில்லை. அந்தச் சத்தம் கிடைத்துவிட்டது, நான் அப்படியேதான் இருக்கிறேன். அப்படியானால் இனி எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

"அம்மா சவுண்ட் கெடச்சிருச்சு" என்று மகளிடம் சொன்னேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்பதற்காக.

அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தினாள்.

"அதி மீ சவுண்ட், டாடி. அம்மா சவுண்ட் காது."

அது உங்கள் சத்தம். அம்மாவுடையது இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா தனியாக வாசித்துக்கொண்டிருப்பாளாம். அப்போது ட்ரெபிள் முழுக்கத் திறந்திருக்கும். கம்பி கம்பியாக, தண்ணீர் தெறிக்கிற மாதிரி இருக்குமாம். அதுதான் அம்மாவுக்குப் பிடித்தது. உங்களுக்கு வைக்கிற சத்தத்தை, கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாளாம். வாசலில் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய்க் குமிழைத் திருப்பிவிடுமாம். தோழிக்கே இது தெரியாது. அவள் வந்ததெல்லாம் நான் வீட்டில் இருக்கும் சாயங்காலங்களில்.

"முன்னாடியே ஏன்மா சொல்லல?"

"நுவ்வு அடகலேது கதா" என்றாள் மெதுவாக. நீ கேட்கவில்லையே. எப்போதும் மீரு என்று மரியாதையாகப் பேசுகிறவள் அன்று நுவ்வு என்றாள், என்னிடம் அல்ல, தன் வயதில் இருக்கும் யாரிடமோ சொல்வது போல.

"அதை வை" என்றேன். "அம்மாவுக்குப் பிடிச்சதை வை."

மகள் ட்ரெபிள் குமிழைத் திருப்பினாள். தலைகீழாக இருந்த பொட்டு உச்சியைக் கடந்து வலப்பக்கம் சாய்ந்து போய் நின்றது. அவள் உட்கார்ந்து, மேல் கம்பிகளில் வாசித்தாள். தோழி அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டாள், பிறகு சிரித்தாள். சமையலறையிலிருந்து துடைக்கும் துணியோடு வந்த அக்கா, நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மகளின் புருவம் உயர்ந்து இறங்கியது, அவள் அம்மாவுக்கு இறங்குவது மாதிரியே. அவர்கள் மூன்று பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு விரல் ஓடுவது தெரிந்தது. நடுவில் எப்போதாவது அடிக்கம்பி ஒன்று லேசாக வந்தது.

அக்கா என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "எவ்வளவு நல்லா இருக்கு! கேக்குதா தம்பி?"

"கேக்கல அக்கா" என்றேன். அதைச் சொன்னதும்தான் எனக்கு அழுகை வந்தது. மகள் பதறி எழுந்தாள். நிறுத்தாதே, வாசி என்று அவளுக்குக் கையைக் காட்டினேன்.